குடும்ப ஆதரவுப் பணியாளர் வேலைக்குச் சேருமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கேட்கப்பட்டது இதுதான்: உளவியலில் டிப்ளோமா முடித்த ஒருவர், கோலாலம்பூரில் ஓர் அரசுசாரா அமைப்பில் குடும்ப ஆதரவுப் பணியாளராகச் சேரப் போகிறார். செந்தூல், ஜிஞ்சாங் வட்டாரத்து அடுக்குமாடிகளில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் அவர் பொறுப்பு. அன்றாடம் என்ன வேலை, எங்கே சிக்கல் வரும், எதையெல்லாம் தெரிந்துவைத்திருக்க வேண்டும்? பினாங்கில் பிறை, பாகான் டாலாம் பக்கம் இந்த வேலைக்குப் போகிறவர்களுக்கும் பதில் ஏறக்குறைய இதேதான்.

ஆறுதல் சொல்வது இந்த வேலையில் சிறு பகுதி. கையில் எடுத்த ஒரு காரியத்தைக் கடைசிக் கையெழுத்து வரை கொண்டுபோய் முடிப்பதுதான் பெரும்பகுதி. பிறப்புப் பத்திரம் கைக்கு வந்த நாளிலோ, நின்றுபோன பையன் மறுபடி பள்ளிச் சீருடை போட்ட நாளிலோதான் ஒரு குடும்பம் உங்களை நம்பத் தொடங்கும். அதற்கு முன்னால் நீங்கள் வந்து போகும் இன்னோர் ஆள், அவ்வளவே. அந்த வீட்டுக்கு உங்களுக்கு முன்னால் பலர் வந்திருப்பார்கள். படம் எடுத்திருப்பார்கள், படிவம் நிரப்பியிருப்பார்கள், அரிசி மூட்டை கொடுத்திருப்பார்கள், பிறகு காணாமல் போயிருப்பார்கள். உங்களை வரவேற்கத் தயங்கினால் காரணம் அதுதான், வருத்தப்படாதீர்கள்.

படிப்பைப் பற்றிச் சுருக்கமாக. உளவியல் டிப்ளோமா போதும், தொடங்கலாம். இந்தத் துறையிலேயே நிலைக்க நினைத்தால் சமூகப்பணிப் பட்டம் படியுங்கள். நம் நாட்டில் அந்தப் பட்டப்படிப்பை முதலில் தொடங்கியது பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், 1975இல். தமிழ் பேசத் தெரிவது உங்கள் பெரிய பலம். ஆனால் மலாயில் பிழையில்லாமல் கடிதம் எழுதத் தெரியாவிட்டால் பாதி வேலை நின்றுவிடும். இலாகாக்களுக்குப் போகும் எல்லாக் கடிதமும் மலாயில்தான்.

முதல் வருகையை நேரம் பார்த்து வையுங்கள். பிறையிலும் பாயான் லெப்பாசிலும் தொழிற்சாலைப் பெண்கள் பலர் 12 மணி நேர ஷிப்டில் இருப்பவர்கள். இரவு ஷிப்ட் முடித்துத் தூங்கும் அம்மாவைக் காலை பத்து மணிக்குக் கதவு தட்டி எழுப்பினால் அந்த வீட்டோடு உறவு அங்கேயே கெட்டது. கோலாலம்பூரில் பாதுகாவலர் வேலைக்கும் அதே 12 மணி நேரம். ஷிப்ட் அட்டவணையைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, ஓய்வு நாளில் போங்கள். முதல் முறை இருவராகப் போக வேண்டும். எந்த புளோக், எத்தனையாவது மாடி, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று அலுவலகத்தில் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

உள்ளே போனதும் படிவத்தை நீட்ட வேண்டாம். தண்ணீர் கொடுத்தால் குடியுங்கள். வயதுக்கேற்ப அக்கா, அண்ணன், ஐயா, அம்மா என்று கூப்பிடுங்கள். “உங்களுக்கு இப்போ எது ரொம்பத் தொந்தரவா இருக்கு?” என்று கேட்டுவிட்டுப் பேசவிடுங்கள். உங்களை அனுப்பிய கோப்பில் ‘பிள்ளை பள்ளிக்கு வருவதில்லை’ என்று இருக்கும். அம்மா சொல்வது வாடகை நிலுவையைப் பற்றியோ பாட்டியின் டயாலிசிஸைப் பற்றியோ இருக்கும். அவர் சொன்னதை முதலில் எடுங்கள். பெரும்பாலும் பிள்ளை பள்ளிக்குப் போகாததன் வேர் அங்கேதான் இருக்கும். பாட்டியை மருத்துவமனைக்கு அழைத்துப் போக அந்தப் பிள்ளையைத் தவிர வேறு ஆள் இருக்காது.

பேசிக்கொண்டிருக்கும்போதே சிலவற்றைக் கவனியுங்கள். எத்தனை பேர் அங்கே தூங்குகிறார்கள், யார் பெயரில் வீடு, சிறு குழந்தையின் கிளினிக் புத்தகத்தில் தடுப்பூசி எதுவரை போடப்பட்டிருக்கிறது, எடை உயரக் கோடு எப்படிப் போகிறது. கோலாலம்பூர் மலிவு விலை அடுக்குமாடிகளைப் பற்றி யுனிசெஃப் 2018இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களில் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் என்று தெரிய வந்தது. பார்த்தால் சுறுசுறுப்பாக இருக்கும் பிள்ளைதான், புத்தகத்தைத் திறந்தால் ஓராண்டாக எடை ஏறியிருக்காது. சுகாதார கிளினிக் தாதியிடம் அழைத்துப் போனால், தகுதியுள்ள ஏழைக் குடும்பத்துப் பிள்ளைக்கு ஊட்டச்சத்து மீட்புத் திட்டத்தில் மாதாந்திர உணவுக்கூடை கிடைக்க வழி உண்டு. குளிர்பெட்டியை மட்டும் நீங்களாகத் திறந்து பார்க்காதீர்கள்.

இனி, ஆவணங்கள். இதை விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் குடும்பங்களில் பல தலைமுறைகளாகத் தொடரும் துன்பம் இதில்தான் இருக்கிறது.

முஸ்லிம் அல்லாதாரின் திருமணச் சட்டம், அதாவது 1976ஆம் ஆண்டின் சட்டம் 164, நடைமுறைக்கு வந்தது 1982 மார்ச் 1ஆம் தேதி. அதற்குப் பிறகு கோயிலில் தாலி கட்டினால் மட்டும் போதாது, பதிவு செய்திருக்க வேண்டும். பல கோயில்களில் துணைப் பதிவாளர் இருக்கிறார், அங்கே சடங்கும் பதிவும் ஒன்றாக முடியும். அப்படிப்பட்ட கோயில் இல்லையென்றால் தேசியப் பதிவு இலாகாவில் விண்ணப்பம் போட்டு, 21 நாள் அறிவிப்புக் காலம் கழிந்தபின் பதிய வேண்டும். ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டவர்கள் ஏராளம். விளைவு குழந்தை பிறந்ததும் தெரிய வரும். பதியாத திருமணத்தில் பிறந்த குழந்தையின் பத்திரத்தில் அப்பா பெயர் தானாக வராது. அம்மாவும் அப்பாவும் சேர்ந்து நேரில் கேட்டுக் கையெழுத்திட்டால்தான் எழுதுவார்கள். அப்பா பெயர் விழுந்தாலும் குடியுரிமை அம்மாவைப் பார்த்தே முடிவாகும். அம்மா மலேசியர் என்றால் பிரச்சினை இல்லை. சிவப்பு ஐசி (அடையாள அட்டை) வைத்திருக்கும் நிரந்தரவாசி என்றால், இப்போதைய விதியைத் தேசியப் பதிவு இலாகாவில் கேட்டு உறுதிசெய்யுங்கள். அம்மா வெளிநாட்டவர் என்றாலோ, தோட்டத்தில் பிறந்து பதியப்படாமலே வளர்ந்து கையில் எந்த ஐசியும் இல்லாதவர் என்றாலோ, அப்பா குடிமக்களுக்குரிய நீல நிற அடையாள அட்டை வைத்திருந்தும் குழந்தையின் பத்திரத்தில் குடிமகன் அல்லர் என்று அச்சாகும். பிறகு பெற்றோர் திருமணத்தைப் பதிந்துகொண்டாலும் அது தானாக மாறாது. அரசியலமைப்பின் 15ஏ விதியின் கீழ் உள்துறை அமைச்சுக்கு மனுப் போட வேண்டும், பதில் வர ஆண்டுக்கணக்காகும்.

ஆகவே வீட்டில் கர்ப்பிணி இருந்தால் முதல் கேள்வி ‘கல்யாணத்தைப் பதிஞ்சாச்சா?’ என்பதாக இருக்கட்டும். குழந்தை பிறப்பதற்கு முன் பதிந்துவிட்டால் இவ்வளவு அலைச்சலும் இல்லை. குழந்தை பிறந்தபின் தீபகற்ப மலேசியாவில் 60 நாளுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். மருத்துவமனை தரும் பிறப்பு உறுதிப் பத்திரம், பெற்றோரின் ஐசி, திருமணச் சான்றிதழ், ஜே.பி.என்.எல்.எம்.01 என்ற பிறப்புப் பதிவுப் படிவம், இவை போதும். 60 நாள் தாண்டினால் தாமதப் பதிவு. கூடுதல் ஆதாரம், சாட்சி, நேர்காணல் எல்லாம் கேட்பார்கள். மருத்துவமனைக் கட்டண பாக்கிக்குப் பயந்து அந்த உறுதிப் பத்திரத்தை வாங்காமலே வந்துவிடும் தாய்மார் இருக்கிறார்கள். அப்படியானால் மருத்துவமனையின் சமூகநல அதிகாரியைப் பார்த்துக் கட்டணக் குறைப்போ தவணையோ கேளுங்கள், பத்திரத்தை வாங்கிவிடுங்கள்.

ஆவணமே இல்லாத பெரியவருக்குக் கோப்பு கட்டுவது பொறுமையான வேலை. அவர் பிறந்த தோட்டம் எது, மருத்துவச்சி யார், எந்தத் தமிழ்ப்பள்ளியில் படித்தார், அப்பா அம்மாவின் ஐசி, அண்ணன் தங்கையின் பிறப்புப் பத்திரம் என்று தேடித் திரட்ட வேண்டும். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் இருக்கும் ஒரு வரி பல சமயம் பெரிய ஆதாரமாக நிற்கும். பள்ளி இடம் மாறியிருந்தால் மாவட்டக் கல்வி இலாகாவில் கேளுங்கள். மூலப் பத்திரத்தை ஒருபோதும் நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். நகல் எடுத்துக்கொண்டு அங்கேயே திருப்பிக் கொடுங்கள். கவுண்டரில் கொடுத்த ஒவ்வொரு தாளுக்கும் பெறுநர் முத்திரை, தேதி, விண்ணப்ப எண் வாங்குங்கள். ‘எல்லாம் கொடுத்துட்டோம், அவங்க தொலைச்சிட்டாங்க’ என்று குடும்பம் சொன்னால் அதற்கு ஆதாரமாகக் காட்ட வேறு எதுவும் இருக்காது.

திருமணப் பதிவு இன்னோர் இடத்திலும் வந்து நிற்கும். வேலை பார்த்த கணவர் இறந்துவிட்டால், சொக்சோ எனும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில் சந்தா தகுதி இருந்தால், குடும்பத்துக்கு வாரிசு ஓய்வூதியம் உண்டு. மனைவிக்கு ஐந்தில் மூன்று பங்கு, பிள்ளைகளுக்கு ஐந்தில் இரண்டு பங்கு. இதைக் கேட்காமலே பல விதவைகள் வீட்டு வேலைக்குப் போய்விடுகிறார்கள். கேட்கப் போகும்போது முதலில் கேட்கப்படுவது திருமணச் சான்றிதழ். அதேபோல வேலை போனவர் வேலைக் காப்புறுதித் திட்டப் பணத்துக்கு 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். முதலாளி கடிதம் தரட்டும் என்று காத்திருந்தே பலர் அந்த 60 நாளைத் தாண்டிவிடுகிறார்கள்.

சமூக நல இலாகா உதவிக்கு மாவட்ட அலுவலகத்திலோ இணையத்திலோ விண்ணப்பிக்கலாம். பெரும்பாலான உதவிகளுக்கு அளவுகோல் வறுமைக் கோட்டு வருமானம். 2022 கணக்குப்படி அதன் நாட்டுச் சராசரி, ஒரு குடும்பத்துக்கு மாதம் 2,589 ரிங்கிட். முதியோர் உதவி 2025 முதல் 500இலிருந்து 600 ரிங்கிட்டாக உயர்ந்தது. படுத்த படுக்கையானவரைப் பராமரிப்பவருக்கு மாதம் 500 ரிங்கிட் திட்டம் இருக்கிறது. தொகைகள் வரவு செலவுத் திட்டத்தோடு மாறுவதால் குடும்பத்திடம் தொகையைச் சொல்லி வாக்குக் கொடுக்காதீர்கள். பினாங்கில் மாநில அரசின் ஐ-செஜாத்திரா நல உதவித் திட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள், அது தனி விண்ணப்பம்.

விண்ணப்பம் தகுதியில்லாமல் விழுவதைவிடச் சின்னக் காரணங்களால் நிற்பதே அதிகம். ஐசியில் பழைய தோட்டத்து முகவரி, குடியிருப்பது வேறு மாவட்டம், கோப்பு அங்கும் இங்கும் அலையும். வங்கிக் கணக்கு நீண்டநாள் பயன்படுத்தாமல் முடங்கியிருக்கும், பணம் திரும்பிப் போகும். நாள்கூலிக்காரருக்குச் சம்பளச் சீட்டு இருக்காது, வருமான உறுதிக் கடிதம் இல்லாமல் அதிகாரியால் நகர முடியாது. இவை எல்லாவற்றையும்விடக் கொடுமை, பிரிபெய்ட் எண் மாறிவிடுவது. வீட்டுச் சோதனைக்கு வர அதிகாரி கூப்பிடுவார், எண் செத்திருக்கும், ‘தொடர்புகொள்ள முடியவில்லை’ என்று கோப்பு மூடப்படும். விண்ணப்பத்தில் இரண்டாவது தொடர்பு எண்ணாக உறவினர் ஒருவருடையதை எழுதச் சொல்லுங்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை நீங்களே அலுவலகத்தைக் கூப்பிட்டு நிலவரம் கேளுங்கள். அப்படிக் கூப்பிடும்போது குடும்பத்தாரைப் பக்கத்தில் உட்கார வைத்து, அடுத்த முறை அவர்களையே பேச வையுங்கள். எல்லாவற்றையும் நீங்களே செய்து கொடுத்தால் நீங்கள் விலகும் நாளில் அந்தக் குடும்பம் பழைய இடத்துக்கே போய்விடும்.

வாடகை நிலுவையிலும் அப்படித்தான். கோலாலம்பூர் மாநகர் மன்றத்தின் பி.பி.ஆர். எனும் மக்கள் வீடமைப்புத் திட்டத்தில் வீட்டு வாடகை மாதம் 124 ரிங்கிட். நிலுவை ஆயிரக்கணக்கில் ஏறி, வெளியேற்ற நோட்டீஸ் கதவில் ஒட்டியபின்தான் கூப்பிடுவார்கள். நோட்டீஸைப் படிக்காமல் மடித்து வைப்பதே பழக்கமாகியிருக்கும். அதை எடுத்துத் தேதியைப் பாருங்கள், கெடு முடியுமுன் குடும்பத்தாரையே கவுண்டருக்கு அழைத்துப் போய், தாங்கக்கூடிய தொகைக்கு எழுத்தில் தவணை கேளுங்கள். மாதம் 50 ரிங்கிட்தான் முடியும் என்றால் 50 என்றே சொல்லச் சொல்லுங்கள். வெட்கப்பட்டு 200 என்று ஒப்புக்கொண்டு இரண்டாம் மாதமே தவறினால் நிலைமை இன்னும் மோசமாகும்.

பள்ளி விஷயத்தில், தொடக்கக் கல்வி 2003 முதல் கட்டாயம். பெற்றோரில் ஒருவர் மலேசியர் என்றால், பத்திரம் முழுமையாக இல்லாத பிள்ளையையும் அரசுப் பள்ளியில் சேர்க்க மாவட்டக் கல்வி இலாகா வழியாக ஏற்பாடு இருக்கிறது. பத்திர விண்ணப்பம் நடக்கிறது என்ற ஆதாரத்தைக் கூடவே கொண்டுபோங்கள். பேச்சு தாமதமான பிள்ளை, எழுத்துப் பிடிபடாத பிள்ளை என்றால் ‘வளர்ந்தா சரியாயிடும்’ என்று ஆண்டுகளைக் கடத்தாமல் அரசாங்க கிளினிக்கில் மதிப்பீடு செய்யுங்கள். மருத்துவர் உறுதிப்படுத்தினால் ஓ.கே.யு. (மாற்றுத்திறனாளி) அட்டைக்குப் பதியலாம். ஏழு வகைகளில் கற்றல் சிக்கலும் ஒன்று. பதிவு கட்டாயமில்லை. ‘நாளைக்குப் பொண்ணு கேட்டு வரமாட்டாங்க’ என்று பெற்றோர் பயந்தால் அந்தப் பயத்தை மதித்து, அவசரப்படுத்தாமல், ஒருங்கிணைந்த சிறப்புக் கல்வி வகுப்பையும் அங்கே படிக்கும் மாணவருக்கு மாதம் 150 ரிங்கிட் அலவன்ஸ் இருப்பதையும் விளக்குங்கள். வகுப்பை நேரில் பார்த்த பெற்றோர் பலர் மனம் மாறுவார்கள்.

குடும்ப வன்முறை தெரிய வந்தால் மேலே சொன்ன எல்லாம் ஓரம்போக வேண்டும், அன்றைய வேலை பாதுகாப்பு மட்டும்தான். பலர் தவறாக நினைப்பது ஒன்று: ‘பதிவுத் திருமணம் இல்லை, சட்டம் காப்பாற்றாது.’ காப்பாற்றும். 1994ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம், மதமோ வழக்கமோ ஏற்கும் சடங்கில் மணந்தவர்களைப் பதிவில்லாவிட்டாலும் துணைவர் என்றே கொள்கிறது. கோயிலில் தாலி கட்டிய பெண்ணிடம் இதை நேராகச் சொல்லுங்கள்.

வழி இரண்டு. உடனடி ஆபத்து என்றால் அவசரப் பாதுகாப்பு ஆணை. 2018 முதல் இருக்கிறது. அதிகாரம் பெற்ற சமூக நல அதிகாரி விண்ணப்பித்த இரண்டு மணி நேரத்துக்குள் தருவார், போலீஸ் புகார் முன்னதாக வேண்டியதில்லை, ஏழு நாள் செல்லும். அந்த ஏழு நாளுக்குள் இரண்டாவது வழிக்குப் போக வேண்டும். அதாவது போலீஸ் புகார், விசாரணை அதிகாரியின் கடிதம், சமூக நல அலுவலகம், மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் இடைக்காலப் பாதுகாப்பு ஆணை. புகாரை எந்த நிலையத்திலும் கொடுக்கலாம். மலாயில் எழுதப்பட்டதை வாசித்துக் காட்டி, சொன்னதும் எழுதியதும் ஒன்றுதானா என்று பார்த்தபின் கையெழுத்து, பிறகு ஒரு நகல். ‘வீட்டுக்காரரோடு சண்டை’ என்று எழுதியிருந்தால் திருத்தச் சொல்லுங்கள். எதால் அடித்தார், எங்கே, எத்தனை முறை, கொலை மிரட்டல் விட்டாரா என்பவை இருக்க வேண்டும். காயம் இருந்தால் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் உள்ள ஒருமுனை நெருக்கடி மையத்துக்குக் கொண்டுபோங்கள். சிகிச்சை, மருத்துவ அறிக்கை, புகார் எல்லாம் ஓரிடத்தில் நடக்கும். தங்குமிடம் தேவைப்பட்டால் பெட்டாலிங் ஜெயாவில் 1982 முதல் இயங்கும் மகளிர் உதவி அமைப்பை அணுகலாம். பினாங்கில் ஆலோசனைக்கும் துணைக்கும் மாற்றத்திற்கான மகளிர் மையம் இருக்கிறது. நேரம் காலம் இல்லாமல் கூப்பிட 15999, தாலியான் காசே என்ற அரசாங்க உதவித் தொலைபேசி. வெளியேறும்போது ஐசி, பிள்ளைகளின் பத்திரம், வங்கிப் புத்தகம், மருந்து, சாவி இவற்றை ஒரு பையில் முன்கூட்டியே வைத்திருக்கச் சொல்லுங்கள். அவள் போக முடிவெடுக்காவிட்டால் வற்புறுத்தாதீர்கள், கைவிடவும் செய்யாதீர்கள். கிளம்பும் நேரமும் கிளம்பிய பின் வரும் நாள்களும்தான் ஆபத்து மிகுந்தவை. அந்த நாளை அவள் தேர்ந்தெடுக்கட்டும், நீங்கள் தயாராக இருங்கள். கணவனை உட்கார வைத்துச் சமரசம் பேசுவது உங்கள் வேலை அல்ல. பஞ்சாயத்து முடிந்து நீங்கள் படியிறங்கியபின் அடி வாங்குபவள் அவள்தான்.

பிள்ளை ஒன்று ‘மாமா என்னைத் தொட்டாரு’ என்று சொன்னால் உங்கள் முகம் மாறக் கூடாது. கேளுங்கள், நன்றி சொல்லுங்கள், தப்பு உன்மேல் இல்லை என்று சொல்லுங்கள். ‘யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்று வாக்குத் தராதீர்கள். துருவிக் கேட்காதீர்கள். 16 வயதுக்கு உட்பட்ட சாட்சியின் வாக்குமூலத்தைக் காணொளியாகப் பதிய 2007ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. பயிற்சி பெற்ற அதிகாரி கேட்க வேண்டியதை நீங்களும் அத்தையும் ஆசிரியரும் ஆளுக்கொரு விதமாகக் கேட்டுவிட்டால் நீதிமன்றத்தில் ‘சொல்லிக் கொடுத்தது’ என்று ஆகிவிடும். பிள்ளை சொன்ன சொற்களை அப்படியே, தமிழிலேயே, நேரத்தோடு எழுதி அன்றே புகார் செய்யுங்கள். 2017ஆம் ஆண்டின் சிறார் பாலியல் குற்றச் சட்டப்படி, தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பது எவருக்கும் குற்றம், 5,000 ரிங்கிட் வரை அபராதம். குடும்ப மானம் என்று யார் காலைப் பிடித்தாலும் இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

ஆனால் பிள்ளையை நீங்களாகத் தூக்கிக்கொண்டு வரவும் முடியாது. அந்த அதிகாரம் 2001ஆம் ஆண்டின் சிறார் சட்டப்படி பாதுகாவலராக நியமிக்கப்பட்ட சமூக நல அதிகாரிக்கும் போலீசுக்கும்தான். அவர்களும் 24 மணி நேரத்துக்குள் சிறார் நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும். ‘சொல்பேச்சு கேக்கலனா பிள்ளையை வெல்ஃபேர்ல புடுங்கிக்குவாங்க’ என்று எந்தத் தாயையும் மிரட்டாதீர்கள். அப்படி ஒரு முறை சொன்னால் அந்த புளோக் முழுக்க உங்களுக்குக் கதவு மூடும்.

ஆலோங், அதாவது உரிமமில்லாத வட்டிக்காரரிடம் வாங்கிய கடன் இருக்கும் வீட்டில் நீங்கள் பணம் கொடுக்கவோ, ஜாமீன் நிற்கவோ, உங்கள் எண்ணைக் கொடுக்கவோ கூடாது. மிரட்டல் செய்திகளைச் சேமித்துப் போலீசில் புகார் செய்ய வையுங்கள். வங்கிக் கடன் மட்டும் என்றால் ஏ.கே.பி.கே. என்ற கடன் ஆலோசனை அமைப்பு இலவசமாகத் தவணை சீரமைத்துத் தரும்.

குறிப்பை அன்றன்றே எழுதுங்கள். பார்த்தது வேறு, கேட்டது வேறு, நீங்கள் நினைப்பது வேறு, மூன்றையும் கலக்காதீர்கள். ‘அப்பா குடிகாரர்’ என்று எழுதாமல் ‘மதியம் 2 மணிக்கு மது வாடை, பேச்சு குழறியது’ என்று எழுதுங்கள். அந்தக் கோப்பு ஒருநாள் நீதிமன்றத்துக்குப் போகலாம், அந்த அப்பாவே படிக்கவும் நேரலாம். பிள்ளைகளின் படமும் பெயரும் வாட்ஸ்அப் குழுவில் போகவே கூடாது. ஒரே லிஃப்டில் ஏறி இறங்கும் தமிழர்கள் நாம், பெயர் இல்லாமல் சொன்னாலும் யார் வீடு என்று தெரிந்துவிடும்.

வேலையில் சேருமுன் அமைப்பிடம் சிலவற்றை எழுத்தில் கேளுங்கள். ஒருவருக்கு எத்தனை குடும்பம் என்பது முதலில். என் கணிப்பில் பதினைந்துக்கு மேல் போனால் படிவம் நிரப்பத்தான் நேரம் இருக்கும். மாதம் ஒருமுறையாவது மூத்த பணியாளர் ஒருவர் உங்கள் கோப்புகளை உங்களோடு உட்கார்ந்து பார்ப்பாரா? இரவில் ஒரு பெண் கூப்பிட்டால் எடுக்க வேண்டிய எண் உங்களுடையதா, அமைப்பினுடையதா? பெட்ரோல், டோல், பார்க்கிங் செலவு, சொக்சோ, சேமநிதி எல்லாம் உண்டா? இரண்டு பேராகப் போக வேண்டிய வீட்டுக்கு இரண்டாவது ஆளை உண்மையிலேயே அனுப்புவார்களா? கடைசிக் கேள்விக்கு மழுப்பலாகப் பதில் வந்தால், வேறு அமைப்பைப் பாருங்கள்.